தலைநகரம் பார்க்கப் போவோம்



ஏரவாடாவில் வாழும் நாம் நம் மாநிலத் தலைநகரான மும்பையைப் பார்க்க வேண்டாமா? புனேயிலிருந்து ரயிலில் சுமார் 190 கிலோமீட்டர்தான்.

முதலில் வளர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். "எதைப் பார்க்க ஆசை?" என்று கேளுங்கள். கேட்காமல் இழுத்துப் போனால் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

1924இல் கட்டி முடித்த கேட்வே ஆஃப் இந்தியாவில் படகு ஏறினால், சுமார் ஒரு மணி நேரத்தில் எலிபெண்டா குகைகள். ஆனால் திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. தெரியாமல் போனால் பணமும் நாளும் வீண்.

ஆகவே கிழமை, ரயில் நேரம், செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மராத்திப் பலகைகளைப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். தமிழில் இந்தத் தாளை எழுதுவது உங்கள் வேலை. கைநாட்டு வைத்த கை இன்று குடும்பத்துக்கே வழி காட்டட்டும்!