ஆளுக்கு இரண்டு குச்சி
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

அடுத்த மாதம் நம் மதில் சுவரை இடித்துக் கட்டும்போது, அதையொட்டியுள்ள குரோட்டன்ஸ் செடிகள் போய்விடும். விதை போட்டால் அதே நிறம் வராது. குச்சி நட்டால்தான் வரும்.

சாண் நீள நுனிக்குச்சியை வெட்டி, பால் வடிந்ததும் ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். 4 முதல் 6 வாரத்தில் வேர் பிடிக்கும். பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை நல்லது. பிறகு மெல்ல வெளிச்சத்துக்குப் பழக்குங்கள். அப்போதுதான் நிறம் ஏறும்.

இடம் மாற்றியதும் இலை கொட்டினால் எறிந்துவிடாதீர்கள். மறைந்த என் மனைவி வைத்த செடியை நான் அப்படித்தான் எறிந்தேன். அவள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்த குச்சி தழைத்திருந்ததால் திரும்பக் கிடைத்தது.

ஆளுக்கு இரண்டு குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் எழுந்ததும் ஒன்றைத் திருப்பித் தாருங்கள். மற்றது உங்களுக்கு வட்டி.