கரையோரச் சரித்திரத்தைக் காத்த குடும்பம்

(தூத்துக்குடி வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் கண்மாய்ப் பராமரிப்பைப் பற்றியும் உங்களிடம் பேச வல்லுநர் பலர் வந்திருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஒரு வட்டாரத்தில் முதன்முதலாக ஒரு காரியத்தைத் துணிந்து செய்தவர்களின் சரித்திரம் எவ்வாறு நிலைக்கிறது, அதனை யார் காப்பாற்றுகிறார்கள் என்பதே அது. இது பண்டிதர்களுக்குரிய பேச்சு என்று எண்ணிவிட வேண்டா. உங்கள் ஊர்களைப் பொறுத்த மட்டில் இது மிகவும் அவசரமான பேச்சு. காரணத்தைப் பின்னர்ச் சொல்லுகிறோம்.

ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் கதை உங்கள் அனைவருக்கும் தெரியும். சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபர் 16ஆம் நாள் பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மறு ஆண்டிலேயே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கம்பெனியின் சொந்தக் கப்பல்கள் ஓடின. 1908 மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி. கைதானார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. ஆக, முழுக் கதையும் ஐந்தே ஆண்டுகளில் முடிந்துவிட்டது. இன்று துறைமுகமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயர் சூட்டப்பட்டது 2011இல்தான். இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் அவர் மறக்கப்படாமல் இருந்தது எப்படி? 1912 டிசம்பர் 24ஆம் நாள் அவர் சிறையிலிருந்து வெளிவந்தபோது வரவேற்க ஊர் திரண்டு வரவில்லை. ராஜத்துரோகி என்று தண்டனை பெற்றவரைப் பற்றி எழுதுவதும் பேசுவதும் அக்காலத்தில் போலீஸாரை வீட்டு வாசலுக்கு அழைப்பதாகும்.

அந்நாளில் அவரை விட்டு அகலாமல் நின்ற வீடு ஒன்று உண்டு. பழைய திருநெல்வேலி மாவட்டத்துப் பரலிக்கோட்டையைச் சேர்ந்த சகோதரர்களின் வீடு அது. மூத்தவர் சண்முகசுந்தரம் பிள்ளை சுதேசியப் பணியில் ஈடுபட்டவர். அவர் தம்பி நெல்லையப்பர் 1889இல் பிறந்தவர். இளைஞராகவே சுதேசிக் கப்பல் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தார். வ.உ.சி. சிறைப்பட்டபோது நெல்லையப்பருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. கம்பெனி போயிற்று, சம்பளமும் போயிற்று. வேறு யாராயிருந்தாலும் ஊருக்குத் திரும்பி நிலத்தைப் பார்த்திருப்பார். இவரோ, வ.உ.சி. கோயமுத்தூர்ச் சிறையில் இருந்தபோது அந்நகருக்கே சென்று தங்கி, சிறையில் இருந்தவருக்கு இயன்ற உதவியைச் செய்தார்.

பின்னர் அவர் பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். தேசபக்தன் பத்திரிகையில் பணி செய்தார். லோகோபகாரியின் ஆசிரியராக நெடுங்காலம் இருந்தார். புதுச்சேரியில் ஒதுங்கியிருந்த பாரதியாரின் கண்ணன் பாட்டை 1917இல் நூலாக அச்சிட்டவரும் இவரே. கவிஞரின் புகழ் நாடெங்கும் பரவிய பிறகு பதிப்பிக்க வந்தவர் பலர். விற்குமோ விற்காதோ என்ற நிலையில் கடன்பட்டு அச்சுக்கூலி கொடுப்பது வேறு ரகம். வ.உ.சி. தம் வாழ்க்கையைச் செய்யுளாக எழுதி வைத்ததற்கும் நெல்லையப்பரின் வேண்டுகோள் ஒரு காரணம். அந்தச் சுயசரிதை, அவர் 1936இல் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பின், 1946இல் நூலாக வந்தது. நெல்லையப்பரும் வ.உ.சி.யின் சரித்திரத்தைத் தனி நூலாக எழுதினார். அச்சுக்கோப்பவராக வாழ்வைத் தொடங்கிய ம.பொ. சிவஞானம் அவர்கள் 'கப்பலோட்டிய தமிழன்' என்று எழுதி, அது 1961இல் திரைப்படமாகவும் வந்த பிறகே கதை பட்டிதொட்டியெல்லாம் பரவிற்று. ஆனால் பரவுவதற்கு அடுப்பில் நெருப்பு அணையாமல் இருக்க வேண்டுமல்லவா? அந்நெருப்பை ஊதிக்கொண்டிருந்தவர் நெல்லையப்பர். 1971இல் அவர் காலமானார்.

வ.உ.சி.யின் கப்பல் போய்ச் சேர்ந்த கொழும்புத் துறைமுகத்தையும் சற்றே பார்ப்போம். அங்கும் ஒரு பத்திரிகைக் குடும்பம் இருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து 1837இல் இலங்கைக்கு வந்த ஏ.எம். பெர்குசன், கொழும்பு அப்சர்வர் பத்திரிகையின் ஆசிரியரானார். 1861இல் அவருடைய சகோதரர் மகன் ஜான் பெர்குசன் வந்து சேர்ந்தார். இவர்கள் தோட்டங்களின் பெயரையும் பரப்பையும் துரைமார் பெயரையும் பட்டியலிட்டு டைரக்டரி அச்சிட்டனர். 1881இல் வெப்பநாட்டு விவசாயத்துக்கென்றே ஒரு மாத இதழைத் தொடங்கினர். காப்பித் தோட்டம் போட்ட முன்னோடிகளின் வரலாறுகளைத் திரட்டி 1894இல் புத்தகமாக்கினர். மூத்தவரின் மகன் டொனால்டு, போர்ச்சுகீசியர் எழுதி வைத்த பழைய ஏடுகளை ஆராய்ந்து மொழிபெயர்த்தார். பாராட்ட வேண்டிய உழைப்பே. எனினும் அவர்கள் தோட்ட முதலாளிகளின் பக்கம் நின்றவர்கள். அவர்கள் எழுதிய முன்னோடிகள் அனைவரும் துரைமார்களே. நம் சீமையிலிருந்து தூத்துக்குடி வழியாகவும் மன்னார் வழியாகவும் சென்று அக்காட்டை வெட்டிய தமிழ் மக்கள் அந்தச் சரித்திரத்தில் தலைக்கணக்காகவே நிற்கின்றனர். அவர்களுள்ளும் முன்னோடிகள் இருந்திருப்பார்கள். எழுதுவதற்கு அவர்களுக்கு ஒரு குடும்பம் வாய்க்கவில்லை.

இனி நாம் முதலில் சொன்ன அவசரத்துக்கு வருகிறோம். முத்துச் சலாபத்தைப் பற்றி உங்கள் வீடுகளில் பேசுவதுண்டு. கொற்கைக் காலம் முதல் இக்கரையில் நடந்த முத்துக்குளிப்பு, 1955 முதல் சில ஆண்டுகள் நடந்து, 1961ஆம் ஆண்டுச் சலாபத்தோடு நின்றுவிட்டது. பார்களைப் பற்றியும் சிப்பிகளைப் பற்றியும் ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் அதிகாரி 1905இல் சென்னை அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கை இருக்கிறது. கல்லைக் கயிற்றில் கட்டி அதன் பாரத்தால் கடலடிக்கு இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி அள்ளியவன் தன் வாயால் சொன்ன சரித்திரம் எங்கே? மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருந்தவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் இடையே என்ன சைகை? எடுத்த சிப்பியில் அரசுக்குப் போக எஞ்சிய பங்கைக் குளியாட்கள் எவ்வாறு பிரித்துக்கொண்டனர்? எந்தப் பார் நல்லது என்பதைக் கரையிலுள்ள எந்த அடையாளத்தை வைத்துக் கண்டனர்? 1961இல் இருபது வயதில் குளித்தவர் இன்று எண்பதைக் கடந்தவர். அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், கேட்பார்தாம் இல்லை.

கடற்கரை ஊர்களுக்கு மட்டும் உரிய பேச்சன்று இது. மானாவாரிக் கரிசலில் முதன்முதலில் புது ரகப் பருத்தி போட்டவர், ஊருக்கு முதற் பள்ளிக்கூடம் கட்ட நிலம் கொடுத்தவர், 25 ரூபாய்க்குக் கப்பல் கம்பெனிப் பங்கு வாங்கிய பாட்டனார், இவர்களெல்லாரும் உங்கள் ஊர் முன்னோடிகளே. அக்காலத்து 25 ரூபாய் ஒரு குடியானவனுக்குச் சிறு தொகையன்று. பங்குப் பத்திரம் இன்னும் எந்தத் தகரப் பெட்டியில் கிடக்கிறதோ! ஓர் ஊராட்சி அலுவலகத்தைச் சுத்தம் செய்தபோது ஐம்பதாண்டுத் தீர்மானப் புத்தகங்கள் பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போனதை நாமே கண்டோம். தடுக்கத் தவறியதில் நமக்கும் பங்கு உண்டு. ஆகையால் அவ்வூரின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

ஊருக்கொரு பத்திரிகைக் குடும்பம் கிடைக்காது. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த பேத்தி ஒருத்தி எல்லா வீட்டிலும் இருக்கிறாள். ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். கேட்ட தேதியையும் சொன்னவர் பெயரையும் வயதையும் முதலில் குறிக்கச் சொல்லுங்கள். சொன்னவர் வாய்ச்சொல்லைத் திருத்தாமல் அப்படியே எழுதட்டும். பாரின் பெயரையும் காற்றின் பெயரையும் அவர் சொன்னபடியே எழுதட்டும். எழுதியதைக் கிராம சபையில் ஒருமுறை வாசியுங்கள். தவறு இருந்தால் ஊரார் அங்கேயே சண்டைக்கு வருவார்கள். அந்தத் திருத்தத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும், மற்றொன்றை மாவட்ட மைய நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்த கிராம சபைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. முதலில் யாரிடம் கேட்பது என்று மலைக்க வேண்டா. ஊரில் வயதில் மூத்தவர் எவரோ அவர் வீட்டுக்கு இன்று மாலையே போய் வாருங்கள்.