பெட்டி வந்தது, பொருள் வரவில்லை



கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையை அடுத்து அமைந்துள்ளது பல்லேகல. 2011 ஆம் ஆண்டில் நடைபெற்ற உலகக் கிண்ணக் கிரிக்கெட் ஆட்டங்களினால் பிறநாட்டாரும் அறிந்த பெயர் அது. ஆனால் அவ்வூரிலும் அயலிலுள்ள குண்டசாலை, திகனைப் பகுதிகளிலும் விமானம் என்றதும் பலருக்கு நினைவு வருவது விளையாட்டு வீரர் அல்லர்; அரபு நாடுகளுக்கு ஊழியத்துக்குச் சென்ற தாயோ, தமக்கையோதான்.

இரண்டு ஆண்டுகள் பிறர் வீட்டில் உழைத்த ஒருத்தி ஊர் திரும்பும் நாளை நினைத்துப் பார்க்கலாம். மகளுக்கென வாங்கிய காப்புச் சோடியைத் துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்து, பெட்டியைப் பூட்டி, விமான நிறுவனத்தாரிடம் ஒப்படைக்கின்றாள். கட்டுநாயக்காவிலே உறவினர் வானுடன் காத்து நிற்கின்றனர். நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. ஆகவே பெட்டியைத் திறந்து பார்க்கும் எண்ணம் யாருக்கும் எழுவதில்லை. வீட்டில் எல்லோரும் சூழ்ந்திருக்கத் திறந்தால் துணி இருக்கின்றது, காப்பு இல்லை. பொருள் போன துயரம் ஒருபுறம், “உண்மையில் வாங்கினாளா?” என்று அயலார் முணுமுணுக்கும் பழி மற்றொருபுறம்.

இத்தகைய களவு எங்ஙனம் நிகழ்கின்றது? ஒப்படைத்த பெட்டி இயந்திரப் பட்டியிலே சென்று, கதிர்ச் சோதனைக்கு உட்பட்டு, வகை பிரிக்கப்பட்டு, வண்டியிலேற்றி, விமானத்தின் வயிற்றை அடைகின்றது. இடைவழியில் விமானம் மாறினால் இத்தனையும் மீண்டும் ஒருமுறை நிகழ வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு கைகள். உடையவரின் கண் எங்கும் இல்லை. துணிப்பெட்டியின் சிப்போ, பூட்டைத் தொடாமலே பற்களை விலக்கித் திறந்து, பின்னர் இழுத்து மூடிவிடத்தக்கது. பூட்டு பூட்டியபடியே இருக்கும்.

எனினும் அச்சத்தை மிகைப்படுத்தலாகாது. விமானப் போக்குவரத்துத் தகவல் நிறுவனமான சீற்றாவின் கணக்குப்படி, ஆயிரம் பிரயாணிகளுக்குத் தவறிய பெட்டிகள் 2007 இல் ஏறக்குறைய 19. 2023 இல் ஏறக்குறைய 7. அவற்றுள்ளும் பெரும்பாலானவை தாமதித்து வந்து சேர்ந்தவையே. ஆனால் போனது தன் பெட்டியாயின் கணக்கினால் ஆறுதல் கிடைப்பதில்லை. சட்டம் என்ன தரும் என்பதே கேள்வி.

1929 ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கை, ஒப்படைத்த பெட்டிக்கு நிறைக்கேற்ப இழப்பீடு வகுத்தது: கிலோகிராமுக்கு 250 பொற்பிராங்கு. அதன்படி தங்கத்துக்கும் வெங்காயத்துக்கும் நிறை ஒன்றாயின் வரம்பும் ஒன்றே. 1999 இல் உருவாகி 2003 இல் நடைமுறைக்கு வந்த மொன்றியல் உடன்படிக்கை நிறையை விட்டு, பிரயாணி ஒருவருக்கு இவ்வளவு என்று வரம்பிட்டது. இலங்கையும் அதில் சேர்ந்துள்ளது. 2024 டிசெம்பர் 28 முதல் அவ்வரம்பு 1519 சிறப்பு எடுப்பனவு உரிமைகள். அதாவது சுமார் 2000 அமெரிக்க டொலர். அதற்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்கப்படும் மேலதிகக் கட்டணத்தையும் செலுத்தல் வேண்டும்.

தவணையும் உண்டு. சேதமடைந்த பெட்டி குறித்து 7 நாளுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். தாமதித்து வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாள். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாளாகியும் வராத பெட்டி தொலைந்ததாகவே கொள்ளப்படும். வழக்கிடுவதாயின் 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

இந்த ஏழு நாளின் பெறுமதியை ஓர் ஆங்கில வழக்கு உணர்த்தும். 1975 இல் மொனார்க் விமானத்தில் லூட்டன் நகருக்குத் திரும்பிய பிரயாணி ஒருவர், தமது பெட்டி கிழிந்திருப்பதைக் கண்டு நிலையத்திலேயே அறிவித்தார். வீட்டிற்குச் சென்ற பின்னரே சில உடைமைகளும் காணாமற் போனமை தெரிந்தது. அதை அவர் தவணைக்குள் விமான நிறுவனத்துக்கு அறிவிக்கவில்லை. கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. ஆனால் 1980 இல் பிரபுக்கள் சபை, உள்ளிருந்த பொருளின் ஒரு பகுதி இழக்கப்படுவதும் சேதமே. அதனையும் ஏழு நாளுக்குள் அறிவித்திருக்க வேண்டும் என்று தீர்த்தது. கிழிசலை மாத்திரம் சொன்னது போதவில்லை.

ஆகவே பல்லேகலைக்குத் திரும்புவோர் செய்யத்தக்கவை சிலவே. பொன், பணம், பத்திரங்கள், மருந்து ஆகியவை கைப்பையிலேயே வரட்டும். வாங்கிய பற்றுச்சீட்டை நகையோடு வையாது வேறாக வைத்தல் நன்று. பெட்டியை மூடுமுன் உள்ளிருப்பதைப் படமெடுத்தலும் நன்று. ஒப்படைத்தபோது குறித்த நிறை தெரியுமாயின், இறங்கியபின் மறுபடி நிறுத்துப் பார்க்கலாம். குறைவு தோன்றினால், சுங்கப் பகுதியைக் கடக்குமுன் விமான நிறுவனத்தின் பிரயாணப்பொதி அலுவலகத்தில் முறைப்பாடு எழுதி, பிரதியையும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

வீட்டிற்கு வந்த பின்னரே களவு தெரிந்தாலும் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. ஏழு நாள் உண்டு. காப்பை இழந்தவள் அன்றிரவே கடதாசியை எடுத்து எழுதத் தொடங்கட்டும். காப்பு மீளாமற் போகலாம். ஆனால் பற்றுச்சீட்டும் முறைப்பாட்டின் பிரதியும் கையிலிருந்தால், அவள் உழைத்ததும் வாங்கியதும் பொய்யல்ல என்பதை யாரும் மறுக்க இயலாது.