வீட்டுக்கு வந்த இத்தாலிப் படங்கள்

(கொல்லிமலை எடப்புளி நாட்டுக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று என்னைச் சினிமாவைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். அது வெறும் பொழுதுபோக்குத்தானே, அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மனிதன் தன் பொழுதை எதில் போக்குகிறானோ அதிலிருந்துதான் அவன் புத்தியும் வளருகிறது. ஆகையால் இது அற்ப விஷயமல்ல.

இந்த மலையில் கொல்லிப்பாவை என்று ஒன்று இருக்கிறதென்றும், அது தானே சிரிக்கும், நடக்கும், கண்டவனை மயக்கிக் கொல்லும் என்றும், அது தெய்வம் செய்த பாவை என்றும் வெகுகாலமாய்ச் சொல்லி வருகிறார்கள். இன்று சினிமாத் திரையிலும் பாவை சிரிக்கிறது, நடக்கிறது, அழுகிறது. இதை எந்தத் தெய்வம் செய்தது? ஒரு விநாடிக்கு 24 அசையாத படங்களை அடுத்தடுத்துக் காட்டினால் நம் கண்ணும் மூளையும் அதை அசைவு என்று எடுத்துக் கொள்ளுகின்றன. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் மயக்குவது என்னவோ உண்மை. ஆகவே, பாவையை யார் ஆட்டுகிறார்கள், எதற்காக ஆட்டுகிறார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முன்காலத்தில் படம் பார்க்க வேண்டுமானால் மலையை விட்டுக் கீழே இறங்கிப் போக வேண்டும். அங்கே கொட்டகைக்காரன் ஓட்டியதுதான் படம். பிறகு டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஊரே கூடி விடிய விடியப் பார்த்தார்கள். 2006இல் சர்க்கார் இலவசமாய்க் கலர் டி.வி. கொடுக்கும் திட்டம் கொண்டு வந்தது. அதற்கு முன்னும் பின்னுமாய் சி.டி.யும் டி.வி.டி.யும் வந்தன, இப்போதோ கைப்பேசியிலேயே எல்லாம் வந்துவிட்டது. கொட்டகைக்காரனிடமிருந்த அதிகாரம் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன பார்க்கிறீர்கள்?

1952இல் இந்திய சர்க்கார் முதல் சர்வதேசப் படவிழாவை நடத்தியது. பம்பாயில் தொடங்கி, பிறகு சென்னையிலும் மற்ற பெரிய பட்டணங்களிலும் படங்கள் காட்டப்பட்டன. இத்தாலி நாட்டு டி சிக்கா என்பவர் 1948இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' அவற்றில் ஒன்று. பட்டணத்துக் கனவான்கள் பார்த்தார்கள், மெச்சினார்கள். பாட்டாளியைப் பற்றிய படத்தைப் பாட்டாளிதான் பார்க்கவில்லை! பிறகு வெகுகாலம் அது பிலிம் சொசைட்டிக்காரர்களின் சொத்தாகவே இருந்தது. சென்னைப் பர்மா பஜாரில் டி.வி.டி. தட்டுகள் குவிந்த பிறகுதான் சாதாரணத் தமிழ் வாலிபர்கள் அதைக் கண்டெடுத்தார்கள்.

அந்தக் கதைதான் என்ன? யுத்தம் முடிந்த ரோமாபுரியில் வேலையில்லாத ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. வேலைக்குச் சைக்கிள் வேண்டும். சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்டுக் கொடுக்கிறாள். முதல் நாளே அது திருட்டுப் போகிறது. சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறான். போலீசார் எழுதி வைத்துக் கொள்ளுகிறார்கள், அவ்வளவே. திருடனுக்குக் கூட்டாளி என்று அவன் சந்தேகிக்கும் ஒரு கிழவனைத் துரத்திக்கொண்டு மாதா கோவிலுக்குள் போகிறான். அங்கே ஏழைகளுக்குச் சூப் ஊற்றுகிறார்கள். ஆனால் முதலில் ஜெபத்தில் உட்கார்ந்தாக வேண்டும்! பசித்தவனுக்குச் சோறு முந்தியா, ஸ்தோத்திரம் முந்தியா என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று கேளுங்கள். அவன் மனைவி குறி சொல்லுகிறவளுக்குக் காசு கொடுக்கப் போகும்போது அவன் அவளைக் கேலி செய்கிறான். சைக்கிள் போன பிறகு அவனே அந்தக் குறிகாரியிடம் போய் வரிசையில் நிற்கிறான். அவள் சொல்லுவது, கிடைத்தால் உடனே கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்கவே கிடைக்காது என்பதுதான். இதைச் சொல்ல ஒரு குறிகாரி வேண்டுமா? தோழர்களே! மூடநம்பிக்கையை நாம் எவ்வளவோ கண்டித்துப் பேசுகிறோம். ஆனால் புத்தியுள்ளவனும் கையிலுள்ள பிழைப்புப் போனவுடன் எப்படிக் குறிகாரி வாசலுக்குப் போய்ச் சேருகிறான் என்பதை அந்தப் படம் பத்து நிமிஷத்தில் காட்டிவிடுகிறது. வயிற்றுக் கவலை தீராமல் மூடநம்பிக்கை தீராது என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்? கடைசியில் அவனே ஒரு சைக்கிளைத் திருடப் போய்ப் பிடிபடுகிறான். மகன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். முடிவில் தெய்வம் வந்து காப்பாற்றவில்லை. அப்பன் கையை மகன் பிடித்துக் கொள்ளுகிறான். அதுதான் முடிவு. அதில் தகப்பனாய் நடித்தவர் நடிகரல்ல, ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி.

இப்படிப்பட்ட படங்களை அதிகாரத்திலிருப்பவர்கள் சும்மா விடுவார்களா? பென்ஷன் போதாமல் தெருவுக்கு வரும் ஒரு கிழவனைப் பற்றி டி சிக்கா எடுத்த 'உம்பர்த்தோ டி' 1952இல் வெளிவந்தபோது, இத்தாலி சர்க்காரில் பதவியிலிருந்த அந்திரேயோத்தி என்பவர் நாட்டின் பெயர் கெடுகிறதென்று கண்டித்து எழுதினார். வறுமை இருப்பது வெட்கமில்லை, அதைக் காட்டுவதுதான் வெட்கமாம்! ரோசெல்லினி 1948இல் எடுத்த 'அற்புதம்' என்ற படத்தில் ஆடு மேய்க்கும் ஒரு பெண் ஒரு வழிப்போக்கனை மகாத்மா என்று நம்பி ஏமாந்து கர்ப்பமாகிறாள். இது மத நிந்தனை என்று நியூயார்க் பாதிரிமார்கள் கூச்சலிட, அங்கே அனுமதி ரத்தானது. ஆனால் 1952இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டு, மத நிந்தனை என்று சொல்லித் தடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. தடுத்தவர்களின் பெயர் மறைந்து வருகிறது. படங்கள் நம் வீட்டுக்குள் வந்திருக்கின்றன.

இத்தாலிப் படமெல்லாம் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. லியோனி என்பவர் ஜப்பான் படத்தைப் பார்த்து 1964இல் குதிரை, துப்பாக்கிப் படம் எடுத்தார். அந்த ஜோரில் நம்மவர்களும் 'கங்கா' (1972) போன்ற படங்களை எடுத்தார்கள். பாருங்கள், சிரியுங்கள். ஆனால் தமிழ்நாட்டில் யாரிடம் அப்படிக் குதிரையும் துப்பாக்கியும் இருந்தன? பாலு மகேந்திரா 1988இல் எடுத்த 'வீடு' அல்லவா நம்முடைய கதை! அதன் மூலப் பிலிமே இப்போது இல்லையென்று அவரே வருந்திச் சொன்னார்.

இங்கேதான் நான் முக்கியமாய்ச் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. 1948இல் எடுத்த இத்தாலிப் படம் நேற்று எடுத்ததுபோல் பளிச்சென்றிருக்கிறது. நம் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) எங்கே? பிரதி இல்லை. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த முதல் மலையாளப் பேசும் படம் 'பாலன்' (1938) எங்கே? அதுவும் இல்லை. அக்காலத்துப் பிலிம் எளிதில் தீப்பற்றும். அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கினவர்களும் உண்டு. கேட்பாரற்று மக்கிப் போனதும் உண்டு. இத்தாலியர் பொலோனா நகரில் பழைய படத்தைச் செப்பனிட ஒரு கூடமே வைத்திருக்கிறார்கள். உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த 'கல்பனா' (1948) அங்கே செப்பனிடப்பட்டு 2012இல் கான் படவிழாவில் காட்டப்பட்டது. சென்னையில் பிறந்த பிள்ளைக்கு வைத்தியம் இத்தாலியில்! கோவில் தூணைச் செப்பனிடப் பணம் திரட்டுகிறோம். நம் சொந்த முகத்தைக் காட்டும் படத்துக்கு என்ன செய்தோம்?

ஆகையால் தோழர்களே! இரண்டு காரியம் செய்யுங்கள். மாதம் ஒரு நாள் படிப்பகத்தில் இப்படிப்பட்ட ஒரு படத்தைப் போடுங்கள். பாஷை தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். ஊமைப்பட காலத்தில் ஒருவர் பக்கத்தில் நின்று கதை சொல்லவில்லையா? எழுத்துத் தெரிந்தவர் பத்திரிகை படிக்க, மற்றவர்கள் கேட்டதுதானே நம் வழக்கம்! இரண்டாவது, உங்கள் பரணில் பழைய கேசட்டோ, சினிமாப் பாட்டுப் புத்தகமோ இருந்தால் குப்பையில் போடாதீர்கள். மலை ஈரத்தில் கேசட் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்த இடத்தில் வையுங்கள். பாட்டுப் புத்தகங்களுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா நூலகமும், படங்களுக்குப் பூனாவில் 1964இல் ஏற்பட்ட படக் காப்பகமும் இருக்கின்றன.

பாவை இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அது உங்களை மயக்காமல், நீங்கள் அதைக் கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லி இத்துடன் முடித்துக் கொள்ளுகிறேன்.