ஏழு சுரமும் ஏழு பிள்ளைகளும்

(தலைப்பு: பிள்ளைகளுக்கு இசையைச் சொல்லித்தர ஏற்ற வழி கண்டிப்பான பயிற்சியா? விளையாட்டா? ‘விளையாட்டே!’ என்ற அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால பேசின அம்மா, “விடியக்காலம் நாலு மணிக்குப் பிள்ளையை எழுப்புங்க, சரளி வரிசையை நூறு தடவை பாட வைங்க, சங்கீதம் தானா வரும்”னு சொன்னாங்க. அம்மா, நாலு மணிக்கு எழுப்பினா சங்கீதமா வரும்? கொட்டாவிதான் வரும்! (சிரிப்பு) அதையும் அகார சாதகம்னு நீங்க கணக்குல சேர்த்துக்கிட்டீங்கன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை. (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, என் கதையைச் சொல்றேன். அஞ்சாம் வகுப்பு. ஆண்டு விழாவுக்குப் பாட்டுக் குழு. ஆசையா முன் வரிசையில போய் நின்னேன். ஒத்திகை பார்த்தவர் என் பக்கத்துல வந்து காதைக் கொடுத்துக் கேட்டார். “டேய், நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது” என்றார். அன்றைக்கு மூடின பாட்டு. இந்த வாயை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஊர் ஊராகப் பேசுகிறேன். ஆனால், என் மகள் பிறந்தபோது தொட்டிலை ஆட்டிக்கொண்டு நின்றேனே, அப்போதும் வாயை மட்டும்தான் அசைத்தேன். ஒரு தாலாட்டு வரவில்லை. (அமைதி) அவர் பொல்லாதவர் இல்லை. நல்லாப் பாடுற பிள்ளையைத் தேர்ந்தெடுப்பதுதான் இசை வகுப்பு என்று நினைத்தார். அவ்வளவுதான்.

விளையாட்டுக்கு நம்ம மதுரையிலேயே சாட்சி இருக்கு. சிலப்பதிகாரத்துக்கு வாருங்கள். கோவலன் சிலம்பு விற்க நகருக்குள் போயிருக்கிறான். ஊருக்கு வெளியே ஆயர் சேரியில், மாதரியின் அடைக்கலத்தில் கண்ணகி. குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, தீய நிமித்தங்கள். மாதரி ஏழு கன்னிப் பெண்களைக் கூப்பிட்டு நிறுத்துகிறாள். ஆளுக்கொரு பெயர் வைக்கிறாள். என்ன பெயர்? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்! தமிழிசையின் ஏழு சுரங்கள்! கை கோத்து வட்டமாக நின்று குரவை ஆடுகிறார்கள். (கைதட்டல்)

“அது வழிபாடு, வகுப்பறை இல்லையே” என்று எதிரணி கேட்கலாம். ஒத்துக்கிறேன். ஆனால் அந்த வட்டத்தை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டு வாங்க. ஏழு பிள்ளைகளை நிறுத்தி ச, ரி, க, ம, ப, த, நி என்று பெயர் வைங்க. மேல் சட்ஜத்துக்கு இன்னொரு பிள்ளை. டீச்சர் யார் தலையைத் தொடுகிறாரோ, அந்தப் பிள்ளை தன் சுரத்தைப் பாட வேண்டும். வரிசையாத் தொட்டா முதல் சரளி வரிசை. ச ரி ச ரி ச ரி க ம என்று தொட்டா ரெண்டாவது வரிசை. அம்மா சொன்ன அதே பாடம்தான்! புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்த ஏணியை நாங்க உடைக்கலை. ஏறுறதுக்குப் பிள்ளையைக் கூப்பிடுறோம், அவ்வளவுதான். நூறு தடவை பாடினதே பிள்ளைக்குத் தெரியாது. ‘இன்னும் ஒரு ஆட்டம்’னு கேட்கும்!

தாளத்துக்கு கண்டக்டர் விளையாட்டு. ‘மதுரை’ன்னு கைதட்டிச் சொல்லுங்க, மூணு தட்டு. அதுதான் தகிட, திஸ்ரம். ‘சோழவந்தான்’ நாலு. தகதிமி, சதுஸ்ரம். ‘திருமங்கலம்’ அஞ்சு. தக தகிட, கண்டம். மதுரையும் சோழவந்தானும் சேர்ந்தா ஏழு, மிஸ்ரம். சோழவந்தானும் திருமங்கலமும் சேர்ந்தா ஒன்பது, சங்கீர்ணம். அஞ்சு ஜாதியும் டவுன் பஸ்ஸிலேயே வந்திருச்சு! (சிரிப்பு, கைதட்டல்) ‘வாடிப்பட்டி சோழவந்தான்’னு எட்டு தட்டினா ஆதி தாளத்துல ஒரு ஆவர்த்தனம். வாத்தியம் வேண்டாம், மாசச் சம்பளம் கொடுத்துப் பாட்டு வாத்தியார் வைக்க வேண்டாம். கூலி வேலைக்குப் போறவர் பிள்ளைக்கும் ரெண்டு கை இருக்கே!

“விளையாடினவங்க யாராவது மேதை ஆனாங்களா?” என்று கேட்டார்கள். 1916-இல் இதே மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவைக் கேளுங்கள். கிராமபோன் இசைத்தட்டைக் கேட்ட ஆசையில், ஒரு தாளைக் கூம்பாகச் சுருட்டி வைத்துக்கொண்டு, அதற்குள் மணிக்கணக்கில் பாடுவாராம். தம்புராவில் சுருதி சேர்த்துக்கொண்டு, மீட்டுவதை நிறுத்திவிட்டுப் பாடுவாராம். பிறகு மீட்டி, சுருதி விலகவில்லையே என்று பார்த்துக்கொள்வாராம். அவரே நினைவுகூர்ந்தது இது. அம்மா சண்முகவடிவு வீணை வாசித்த வீடு. பயிற்சிக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் அந்தக் காகிதக் கூம்பை யாரும் பாடமாக வைக்கவில்லையே!

ஹங்கேரியில் சோல்தான் கோடாய் என்ற இசை மேதை, 1882 முதல் 1967 வரை வாழ்ந்தவர், பிள்ளைகளின் நாட்டுப்புறப் பாட்டையும் விளையாட்டையும் வைத்தே பள்ளி இசைக்கு வழி வகுத்தார். ஆசிரியர் சைகை காட்டினால் பிள்ளைகள் வாயை மூடி மனசுக்குள் பாடுவார்கள். மறு சைகையில் குரல் எடுப்பார்கள். சுருதி நிற்கிறதா என்று அப்போது தெரியும். நம்ம குஞ்சம்மா தம்புராவோடு தனியா ஆடின ஆட்டத்தை, அங்கே வகுப்பே சேர்ந்து ஆடுது! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, கச்சேரி மேடைக்குக் கடும் பயிற்சி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது நூற்றில் ஒரு பிள்ளைக்கு. மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் வாயை மட்டும் அசைக்கணுமா? விளையாட்டுல தப்பாப் பாடின பிள்ளைக்கு ‘அவுட்’ உண்டு; ஆனா அடுத்த ஆட்டத்துல மறுபடி சேர்த்துக்குவாங்க. என்னை யாரும் மறுபடி சேர்த்துக்கலையே ஐயா!

இனி ஒரு பிள்ளையும் தொட்டில் பக்கத்தில் ஊமையாக நிற்கக்கூடாது. அதற்கு வழி விளையாட்டே, விளையாட்டே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)