யாரை எங்கே நிறுத்துவது?



தேசியக் குழு தோற்றால், "அடுத்த ஆட்டத்தில் எல்லாரையும் முன்னே அனுப்பட்டும்" என்கிறோம். அது சரியா? தோட்டத்துப் பிரட்டில் தண்டல் ஆளைப் பார்த்தே நிரை கொடுப்பார். காற்பந்திலும் அப்படியே. 4-4-2 என்றால் தற்காப்பில் நால்வர், நடுவில் நால்வர், தாக்குதலில் இருவர். கோல் காவலர் இந்தக் கணக்கில் சேரார்.

1980இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், ஒலிம்பிக் தகுதிச் சுற்றில், தென்கொரியாவை 2-1 என வென்றோம். முன்னே ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும் ஓடினர். பின்னே சோ சின் ஆன், சந்தோக் சிங், சிலாங்கூரின் ஆர். ஆறுமுகம் காத்து நின்றனர். எதிரிக்கு ஒரு கோல்தான் கிடைத்தது.

எங்கள் பள்ளித் திடலில் தற்காப்பில் நிறுத்தினால் பிள்ளையின் முகம் வாடுகிறது. பெற்றோர்களே, கோல் போட்டவனோடு கோல் விழாமல் காத்தவனையும் பாராட்டுவோம்.