சுக்கான் யார் கையில்?



"சைபர்பங்க்" என்றொரு சொல் இன்று இளைஞர்களிடையே புழங்குகிறது. ஒரு சினிமாவைக் காட்டி அது சைபர்பங்க் என்கிறார்கள். நாவலையும், கம்ப்யூட்டர் விளையாட்டையும், ஏன், ஒரு பாட்டைக் கேட்டுவிட்டும் அப்படியே சொல்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், இரவு நேரம், விடாத மழை, நியான் விளக்கு, இரும்புக் கை வைத்த மனிதன், இவை இருந்தால் போதும் என்று பதில் வருகிறது. நாம் இதை ஒப்புக்கொள்வதற்கில்லை. மழையும் விளக்கும் வெறும் ஜோடனை. ஜோடனையைப் பார்த்து நாடகத்தை எடை போட முடியுமா?

சொல்லிலிருந்தே தொடங்குவோம். 1948-ல் நார்பர்ட் வீனர் என்ற அமெரிக்கக் கணித மேதை, யந்திரங்களையும் உயிர்களையும் கட்டுப்படுத்தும் முறை பற்றிய தமது நூலுக்கு "சைபர்னெட்டிக்ஸ்" என்று பெயரிட்டார். கப்பலில் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் வேர். "பங்க்" என்பது உதவாக்கரை, போக்கிரி என்று ஏசும் ஆங்கில வசவு. 1970-களில் ஒரு கூட்டம் இசைக்காரர்கள் அதையே பெருமையாகச் சூடிக்கொண்டார்கள். இரண்டையும் ஒட்டவைத்துப் புரூஸ் பெத்கே என்பவர் 1983-ல் வெளிவந்த தமது சிறுகதைக்குத் தலைப்பிட்டார். சுக்கான் யார் கையில் என்று கேட்கிற படைப்புதான் சைபர்பங்க் என்பது நமது அபிப்பிராயம்.

சார்லி சாப்ளினின் "மாடர்ன் டைம்ஸ்" (1936) படத்தில் தொழிலாளி பற்சக்கரங்களுக்குள் இழுபட்டுப் போவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சைபர்பங்க் கதையிலோ யந்திரம் தொழிலாளியின் உடம்புக்குள்ளேயே வந்துவிடுகிறது. வந்தது குற்றமில்லை. கால் இழந்தவனுக்கு யந்திரக் கால் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் யார் என்பதுதான் விவகாரம். "ஸ்டார் வார்ஸ்" வரிசையில் 1980-ல் வந்த படத்தில் கதாநாயகனுக்கு யந்திரக் கை வைக்கிறார்கள். அந்தக் கைக்கு யாரும் பில் அனுப்பவில்லை. அதைக் காட்டி யாரும் அவனை மிரட்டவுமில்லை. ஆகவே அது சைபர்பங்க் அல்ல.

1987-ல் பால் வெர்ஹோவன் இயக்கிய "ரோபோகாப்" படத்தை எடுத்துக்கொள்வோம். கதை நடப்பது அமெரிக்காவின் மோட்டார்த் தொழில் நகரமான டெட்ராய்ட்டில். (படம் பிடித்தது பெரும்பாலும் டல்லாஸில், அது வேறு விஷயம்.) அந்நகரப் போலீஸ் இலாகாவையே ஒரு கம்பெனி காண்டிராக்ட் எடுத்து நடத்துகிறது. மர்ஃபி என்ற போலீஸ்காரனைக் குண்டர்கள் சுட்டுக் கொல்கிறார்கள். கம்பெனி அவன் உடலை எடுத்து யந்திரப் போலீஸாக ஆக்குகிறது. ஒரு கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷமாகச் சொல்கிறார்கள் டாக்டர்கள். கம்பெனி அதிகாரி என்ன சொல்கிறான்? அந்தக் கை வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்கிறான்! வேலைக்குச் சேரும்போதே மர்ஃபி காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். சட்டப்படி அவன் பிணமாம். பிணத்தை என்ன வேண்டுமானாலும் செய்யலாமாம். வேலை கொடுக்கும்போது நீட்டப்படும் காகிதத்தைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அதோடு விட்டார்களா? கம்பெனியின் மேலதிகாரி எவரையும் கைது செய்யக்கூடாது என்ற கட்டளையை ரகசியமாக அவன் மூளையில் புகுத்திவிடுகிறார்கள். குற்றவாளியான ஓர் அதிகாரியைப் பிடிக்கப் போகும்போது மர்ஃபியின் உடம்பே செயலற்றுச் சாய்கிறது. கடைசியில் எப்படி ஜெயிக்கிறான்? கம்பெனித் தலைவர் அந்த அதிகாரியை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொன்ன பிறகுதான் துப்பாக்கி வெடிக்கிறது. ஆனந்தமாகக் கைதட்ட வேண்டிய இடம்தான். ஆனால் கட்டளை அழியவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலாளி வாய் திறந்ததால் வந்த வெற்றி அது. அதே படத்தில் மற்றப் போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். அதை ஓரமாகக் காட்டிவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது.

மற்றவற்றிலும் இதே சங்கதிதான். வில்லியம் கிப்சனின் "நியூரோமான்சர்" நாவல் 1984-ல் வந்தது. (கம்ப்யூட்டர் கதையாகப் புகழ்பெற்ற அதை அவர் எழுதியது சாதாரண டைப்ரைட்டரில்!) அதில் வரும் கேஸ் என்ற கம்ப்யூட்டர்த் திருடன் எஜமானர்களிடமே திருடியதால், அவர்கள் அவன் நரம்புகளைக் கெடுத்து, தொழில் செய்ய முடியாமல் ஆக்குகிறார்கள். இன்னொரு எஜமானன் நரம்பைச் சரிசெய்கிறான். கூடவே மெல்லக் கரையும் விஷப் பைகளை ரத்தக் குழாய்களில் வைத்துவிடுகிறான். வேலையை முடித்தால்தான் பை வெளியே வரும். 1995-ல் ஜப்பானில் வந்த "கோஸ்ட் இன் தி ஷெல்" படத்தின் கதாநாயகி சர்க்கார் உத்தியோகஸ்தர். ராஜினாமா செய்தால் தன் உடம்பையே திருப்பிக் கொடுக்க வேண்டியவள். "பிளேட் ரன்னர்" (1982) படத்தில் அடிமை வேலைக்கென்று செய்யப்பட்ட மனிதர்களுக்கு 4 வருஷம்தான் ஆயுள் வைத்திருக்கிறார்கள்.

இசையிலும் இதைக் கேட்கலாம். அதே டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், ரிக் டேவிஸ் என்ற இரு கறுப்பினக் கலைஞர்கள் "சைபோட்ரான்" என்ற குழுவை ஆரம்பித்து, மின்யந்திர வாத்தியங்களில் 1980-களின் தொடக்கத்தில் ஒரு புது இசையைப் படைத்தார்கள். யந்திரத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள் அவர்கள். 1993-ல் பில்லி ஐடல் என்ற பாடகர் "சைபர்பங்க்" என்றே பெயர் வைத்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். பெயர் இருந்தது, சரக்கு இல்லை.

கடைசியாக விளையாட்டு. மைக் பாண்ட்ஸ்மித் 1988-ல் வெளியிட்ட மேஜை விளையாட்டிலிருந்து பிறந்ததுதான் போலந்து நாட்டில் தயாராகி 2020 டிசம்பரில் வந்த "சைபர்பங்க் 2077". அதில் கம்பெனியிடமிருந்து திருடிய சில்லு ஒன்று கதாபாத்திரத்தின் தலையில் புகுந்து, சொந்த நினைவை மெல்ல அழிக்கிறது. நல்ல கதைதான். ஆனால் அதைச் செய்தவர்களின் கதை என்ன? கட்டாய ஓவர்டைம் இராது என்று 2019-ல் சொன்ன நிர்வாகம், 2020 செப்டம்பரில் வாரம் 6 நாள் வேலை என்று உத்தரவு போட்டது. ஓவர்டைமுக்குக் கூலி உண்டு என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றில் கதாநாயகன் தனி ஆள். தன்னந்தனியாகக் கம்பெனியோடு மோதுகிறான். பக்கத்தில் உள்ளவனோடு சேரவேண்டும் என்று அவனுக்குத் தோன்றுவதே இல்லை. இதை நாம் பெரிய குறையாகவே கருதுகிறோம். விளையாட்டைச் செய்தவர்களுக்கோ அது தோன்றிவிட்டது. 2023 ஜூலையில் சுமார் 100 பேரை வீட்டுக்கு அனுப்பப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. அந்த அக்டோபரிலேயே அங்கு வேலை செய்தவர்கள் போலந்து விளையாட்டுத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள்.